ஆக்னஸ் சொன்னதும் சொல்லாததும்

அமெரிக்கச் சமூகவியலார் ஹெரால்டு கார்ஃபிங்கெல் 1967இல் வெளியிட்ட ‘ஸ்டடீஸ் இன் எத்னோமெதடாலஜி’ கடினமான நூல். ஆனால் அதன் ஐந்தாம் அதிகாரத்தைத் துப்பறியும் கதைபோலப் படிக்கலாம். அதன் நாயகிக்கு ஆய்வாளர்கள் இட்ட புனைபெயர் ஆக்னஸ்.

1958இல், 19 வயதில், அவர் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவர்களிடம் வந்தார். ஆணாக வளர்க்கப்பட்டவர், ஆணுறுப்பும் இருந்தது. ஆனால் மார்பகமும் உடலமைப்பும் பெண்ணுக்குரியவை. பருவ வயதில் இவை தாமாகவே வளர்ந்தன என்றார். ஹார்மோன் ஏதும் உட்கொண்டதுண்டா என்று கேட்டபோது மறுத்தார். விதைகளே ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் அரிய நிலை என்று மருத்துவர்கள் முடிவு கட்டினர். 1959இல் அவர் விரும்பிய அறுவை நடந்தது.

கார்ஃபிங்கெல் அவரோடு ஏறத்தாழ 35 மணி நேரம் உரையாடினார். காதலரின் தாயாரிடம் சமையல் கற்கும் சாக்கில், பெண்ணாகப் பழகுவதையும் ஆக்னஸ் கற்றுக்கொண்டதை அவர் விவரிக்கும் பக்கங்கள் அருமையானவை. பால் அடையாளம் நாள்தோறும் செய்யப்படும் ஒரு வேலை என்பது அங்கே கண்முன் தெரிகிறது.

1966இல் கதை திரும்புகிறது. தம் உடலமைப்பில் குறையில்லை என்று சிறுநீரக நிபுணர் ஒருவர் உறுதி கூறிய பின், உளமருத்துவர் ராபர்ட் ஸ்டோலரிடம் பேச்சுவாக்கில் ஆக்னஸ் உண்மையைச் சொன்னார்: கருப்பை அகற்றப்பட்ட தாய்க்கு எழுதித்தந்த ஸ்டில்பெஸ்ட்ரால் மாத்திரைகளை 12 வயது முதல் இரகசியமாக விழுங்கி வந்தாராம்! வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜன் தொடர்ந்து புகுந்தால், விதைகளைத் தூண்டும் ஹார்மோன்களைப் பிட்யூட்டரி குறைத்துவிடும், டெஸ்டோஸ்டிரோன் தாழும், மார்பகம் வளரும். மருத்துவர்கள் அரிதென வியந்தது மாத்திரையின் சாதாரண விளைவையே.

ஏமாற்று என்று இதை ஒதுக்குவது எளிது. ஆனால் அக்காலத்தில் பிறவிக் குறை என்றால் கத்தி எடுத்த அமெரிக்க மருத்துவமனைகள், மனத்தின் உறுதியை மட்டும் கூறி வந்தவர்களைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பின. கதவு எந்தச் சொல்லுக்குத் திறக்கும் என்பதை ஆக்னஸ் அறிந்திருந்தார். அந்த நிறுவனத்தை அவர் நம்பவில்லை. ஆயினும் அதன் முத்திரை அவருக்கு வேண்டியிருந்தது. இல்லையேல் ஏழாண்டு கழித்து மீண்டும் ஒரு நிபுணரின் வாய்ச்சொல்லை நாடியிருப்பாரா?

கார்ஃபிங்கெலிடம் நாம் காணும் குறையும் இங்கேதான். ஆக்னஸ் வீட்டிலும் வேலையிடத்திலும் எப்படிச் சமாளித்தார் என்று நுணுகிப் பார்த்தவர், தம் ஒலிப்பதிவுக் கருவி இருந்த அறையை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. உண்மை வெளிவந்த பின்னும் அதிகாரத்தைத் திருத்தாமல், நூலின் இறுதியில் சில பக்கப் பிற்சேர்க்கை மட்டும் இணைத்தார். ‘இடைப்பால் கொண்ட ஒருவர்’ என்று பொருள்படும் அதிகாரத் தலைப்பு அப்படியே அச்சாயிற்று.