பிறவி அடிமைகளின் பால்யம்

1662-இல் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் போட்டார்கள்: தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. தகப்பன் யாரென்ற கேள்வியே எழாது. எஜமானே தகப்பனாக இருந்த வீடுகளுக்கு ரொம்ப வசதி. பிடித்துவரப்பட்டவனுக்கு நினைத்து ஏங்க ஓர் ஊராவது உண்டு. அடிமையாகவே பிறந்த குழந்தைக்கு அதுவும் இல்லை. தான் இன்னொருவரின் உடைமை என்பது அதற்கு எப்போது உறைக்கிறது? அமெரிக்கச் சிறார் வரலாற்று நாவல்களை நான் உரசிப்பார்க்கும் கல் இதுதான்.

மூத்தது சாட்சி மரபு. ஜூலியஸ் லெஸ்டர் 1968-இல் 'டு பி எ ஸ்லேவ்' நூலில் முன்னாள் அடிமைகளின் வாக்குமூலங்களைக் கோத்துத் தந்தார். புனைவல்ல, புனைவு எழுத வந்தவர்களுக்கு அது அளவுகோல். பாலா ஃபாக்ஸின் 'தி ஸ்லேவ் டான்சர்' (1973) வேறு வழி. கப்பலில் அடிமைகளை ஆடவைக்கக் குழலூதுபவன் ஒரு வெள்ளைச் சிறுவன். கதையும் அவன் வாய்மொழியே. சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் கிடைத்தது, கண்டனமும் கிடைத்தது. நடை அபாரம்தான். ஆனால் ஆடியவர்களின் முகம் எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கிம்பர்லி புரூபேக்கர் பிராட்லியின் 'ஜெஃபர்சன்ஸ் சன்ஸ்' (2011) எஜமானின் வீட்டுக்குள்ளேயே நுழைகிறது. அதிபர் ஜெஃபர்சனுக்கு அடிமையாயிருந்த சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்கு, அவர்தான் அப்பா என்று தெரியும். அப்பா என்று கூப்பிடக்கூடாது என்பதும் தெரியும். அடியோ சங்கிலியோ வேண்டாம், இதுவே வாசகனுக்குத் தொண்டையை அடைக்கிறது. நாவல் அவர்களோடு நில்லாமல், கொல்லர் ஜோ ஃபாசெட்டின் மகன் பீட்டரிடம் போய் முடிவதே அதன் நேர்மை. ஜெஃபர்சனின் உயில் ஜோவை விடுவித்தது. மனைவி மக்களை விடவில்லை. 1827 ஜனவரி ஏலத்தில் பீட்டர் விலைபோனபோது வயது 11.

சறுக்கல்களும் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டனின் சமையற்காரர் ஹெர்குலிஸும் மகளும் சிரித்த முகத்தோடு பிறந்தநாள் கேக் செய்யும் படக்கதை ஒன்றை, 2016-இல் வெளியான வேகத்திலேயே பதிப்பகம் திரும்பப் பெற்றது. சிரிப்பு இருக்கக்கூடாதென்பதல்ல, அடிமைக் குடிசையிலும் பிள்ளைகள் சிரித்திருப்பார்கள். யாருக்காகச் சிரித்தார்கள் என்பதே கேள்வி. உண்மையான ஹெர்குலிஸ் 1797 பிப்ரவரி 22 அன்று, வாஷிங்டனின் பிறந்தநாளிலேயே, தப்பி ஓடினார். சில வாரங்கள் கழித்து வாஷிங்டன் வீட்டில் தங்கிய பிரெஞ்சு விருந்தாளியின் வேலையாள், ஹெர்குலிஸின் ஆறு வயது மகளிடம், அப்பாவை இனிப் பார்க்க முடியாதே, வருத்தமில்லையா என்று கேட்டான். சந்தோஷம்தான், அப்பா இப்போது அடிமையில்லையே என்றாள் அவள்.