பின்கட்டுப் பேச்சு

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004-ஆம் ஆண்டு வெளிவந்த நாளிலிருந்து நம்மவர் அதன்மீது சாட்டிய குற்றங்கள் பல. அவற்றுள் ஒன்று இன்றும் என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அந்நாவல் முழுவதும் பெண்கள் கூடிப் பேசும் வம்புப் பேச்சே நிறைந்துள்ளது. மார்க்கம் விலக்கிய புறம்பேசுதலை இலக்கியம் என்று ஏற்பது எங்ஙனம் என்பதே அக்குற்றச்சாட்டு. அண்மையில் சங்கரன்கோவிலில் ஒரு நிக்காஹ் வீட்டில், மார்க்கக் கல்வியும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே வாய்ந்த பெரியவர் ஒருவர் இதனையே என்னிடம் கூறினார். அவர்பால் எனக்குள்ள மதிப்பு சற்றும் குன்றாமல், அவர் கருத்தை ஈண்டு மறுக்க விரும்புகிறேன்.

அவர் பேசிக்கொண்டிருந்தது தெருப் பந்தலில். வீட்டின் பின்கட்டில் பெண்கள் பேசிக்கொண்டிருந்ததும் எங்களுக்குக் கேட்டது. விசைத்தறி ஓசைக்கு மேல் குரலெடுத்துப் பழகிய ஊர். மெல்லப் பேசுவதாக எண்ணிக்கொண்டே உரக்கப் பேசுவார்கள். பி.எட். படிக்கும் பெண் ஒருத்திக்குக் கடையநல்லூரிலிருந்து வந்திருந்த சம்பந்தம் பற்றிய பேச்சு அது. மாப்பிள்ளை வளைகுடா நாடொன்றில் வேலை பார்ப்பவர். சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி விரைவில் முடிந்துவிட்டது. அதன்பின் எழுந்த கேள்விகளே என்னைச் சிந்திக்க வைத்தன. விடுப்பில் வரும்போது தன் உம்மாவிடம் எப்படிப் பேசுகிறார்? கடைப் பையன் தேநீரைச் சிந்திவிட்டால் என்ன செய்கிறார்? பெண் படிப்பை முடிக்கட்டும் என்று வாயால் சொல்கிறாரே, மஹரோடு சேர்த்து அதையும் நிபந்தனையாக எழுதித் தருவாரா? பேச்சு முடிவாகுமுன்னரே பெண்ணின் கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கி, ஒருமுறை எடுக்கத் தவறியதற்கு ஏன் எடுக்கவில்லை என்று மும்முறை கேட்டாராமே, அது அன்பா, அதிகாரமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டவர் அறுபதைக் கடந்த ஒரு பெரியம்மா. கையெழுத்துப் போட மட்டுமே அறிந்தவர் என்று பின்னர் அறிந்தேன்.

இதனை வம்பு என்று ஒதுக்குதல் எளிது. ஆயின், ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் வரலாற்றை நாம் மறந்துவிட்டோமா? மணவிலக்குப் பெற்று, இத்தா முடிந்த நிலையில், அவரை முஆவியா, அபூ ஜஹ்ம் ஆகிய இருவர் பெண் கேட்டனர். அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து கருத்துக் கேட்டார். அண்ணலார் மழுப்பவில்லை. அபூ ஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்றும், முஆவியா பொருளற்றவர் என்றும் பெயர் சுட்டியே கூறி, உஸாமா பின் ஸைதை மணக்குமாறு அறிவுரை தந்தார்கள். முதலில் தயங்கிய ஃபாத்திமா, பின்னர் உஸாமாவை மணந்து, பிறர் கண்டு ஏங்கும் வண்ணம் வாழ்ந்தார்.

தடி என்றது எதனை என்பதில் விளக்கங்கள் உண்டு. ஓயாது பயணம் செய்பவர் என்று கொண்டாரும் உளர். ஆனால் பெண்களை அடிப்பவர் என்று வெளிப்படையாகவே கூறும் மற்றோர் அறிவிப்பும் முஸ்லிமிலேயே உள்ளது. ஐயத்திற்கு அங்கே இடமில்லை.

புறம்பேசுதலை இறந்த சகோதரனின் ஊனை உண்பதற்கு ஒப்பாக்கித் திருமறை கடிந்துரைக்கிறது; இதனை அறியாதார் நம்மில் எவருமிலர். அதை அறிந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள்தாம் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில், புறம் கூறல் அனுமதிக்கப்பட்ட ஆறு சூழ்நிலைகளைத் தனியே வகுத்துரைத்தார்கள். திருமண உறவுக்காகக் கருத்துக் கேட்கப்படுதல் அவற்றுள் அடங்கும். கேட்கப்பட்டவர் உண்மை நிலையை மறைத்தல் ஆகாது என்றும் உரைத்த இமாம், இதற்குச் சான்றாக எடுத்தாண்டதும் மேற்சொன்ன வரலாற்றையே. பந்தலில் இருந்த பெரியவர் இந்நூலைப் பலமுறை ஓதியவர். ஆகவேதான் அவரது கூற்று எனக்கு வியப்பளித்தது.

இனி நாவலுக்கு வருவோம். துவரங்குறிச்சியில் பிறந்து, பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலத்திலேயே எழுதத் தொடங்கியவர் சல்மா. ஒரு சிற்றூரின் முஸ்லிம் வீடுகளே அவரது களம். சிறுமி ராபியா செவிமடுக்க, பெண்கள் அங்கே பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நாவலின் சில பகுதிகள் குடும்பத்தோடு அமர்ந்து வாசிக்கத் தக்கவை அல்ல என்பதை நானும் ஒப்புகிறேன். அதனை வேறொரு கட்டுரையில் பேசலாம்.

நம்மவரைப் பெரிதும் சினமூட்டிய பாத்திரம் ஃபிர்தவ்ஸ். முதலிரவிலேயே கணவனைப் பிடிக்கவில்லை என்று மறுத்துத் தாய்வீடு திரும்பியவள். எத்துணைத் திமிர் என்றார்கள். ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி அண்ணலாரிடம் வந்து, தம் கணவரின் மார்க்கத்திலோ ஒழுக்கத்திலோ தமக்குக் குறையில்லை, ஆயினும் அவரோடு வாழ இயலவில்லை என்று முறையிட்டார். கணவரின் தோற்றமே காரணமென்று கூறும் அறிவிப்பும் உண்டு. மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தருமாறு கூறி, மணவிலக்கு அளிக்கச் செய்தார்கள் அண்ணலார். அப்பெண்ணை ஒரு சொல்லும் கடிந்தார்களில்லை. ஃபிர்தவ்ஸ் பின்னர் நடந்துகொண்ட முறையை நான் ஆதரிக்க வரவில்லை. ஆனால் அவளது முதல் மறுப்பைக் குற்றமாகக் காணும் கண், ஹதீஸ் படித்த கண் ஆகாது. அவளிடம் கேட்கவேண்டியதைத் திருமணத்திற்கு முன் கேட்டிருந்தால் அந்த இரவே நேர்ந்திராது.

வஹிதாவின் கதை இதனினும் நுண்மையானது. உறவுக்குள்ளேயே சிக்கந்தருக்கு மணமுடிக்கப்படுகிறாள். மாப்பிள்ளை எத்தகையவன் என்பதில் பெண்களுக்கு ஐயம் இல்லாமலில்லை. ஆனால் முடிவு ஆண்களுடையது. ஐயம் அடுப்படியைத் தாண்டி வெளியே வருவதில்லை. வஹிதாவின் செவிக்கும் அது உரிய காலத்தில் எட்டுவதில்லை. என் கருத்தில் நாவலின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. அங்குள்ள பெண்கள் அதிகம் பேசுகிறார்கள் என்பது குறையன்று. பேசவேண்டிய ஒன்றைப் பேசவேண்டிய நேரத்தில் பேசாது, சோறு கரிந்த பின் அடுப்பை அணைக்கிறார்கள் என்பதே துயரம். வம்பு மிகுந்த நாவல் என்றவர்கள் அதிலுள்ள மௌனத்தைக் கேட்கத் தவறிவிட்டார்கள்.

இந்த மௌனத்தை ஆசிரியர் உண்மையாகவே வரைந்திருக்கிறார். ஆயினும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எல்லாப் பெண்களும் இப்படி வாய் மூடியவர்கள் அல்லர். துணிந்து சொல்லி ஒரு சம்பந்தத்தை நிறுத்திய சாச்சிமாரும் மாமிமாரும் நம் தெருக்களில் இருந்தே வந்திருக்கிறார்கள். அதற்காக ஆண்டுக்கணக்கில் பகையும் தாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்நாவலில் போதிய இடமில்லை. நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா? கடமையா?’ என்று 1938-இலேயே வினாவைத் தலைப்பாக்கி நாவல் எழுதினார். அவ்வினா தோன்றி 66 ஆண்டுகளுக்குப் பின் வந்த இப்படைப்பில், விடை சொல்லத் துணிந்த ஒரு பெரியம்மாவையேனும் நான் எதிர்பார்த்தேன்.

பின்கட்டுப் பேச்சு யாவும் நன்று என்று நான் சாதிக்கவில்லை. அன்றிரவே அங்கு பிறிதொரு பையனைப் பற்றிய பேச்சும் எழுந்தது. நிறம் குறைவு, வாப்பா தறியில் கூலிக்கு நெய்தவர், இவைதாம் அவனுக்குச் சொல்லப்பட்ட குறைகள். முஆவியாவின் வறுமையை நாயகமே சுட்டவில்லையா என்று இதற்கு ஆதாரம் காட்டுவோர் உண்டு. ஆதரவின்றி நின்ற ஒரு பெண்ணுக்கு, அவளைப் பேணும் வசதி ஒருவரிடம் உண்டா என்று சொல்லப்பட்ட சொல் அது. அதே மூச்சில் அண்ணலார் பரிந்துரைத்த உஸாமா யார்? அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஸைதின் மைந்தர். கருநிறத்தவர் என்பது வரலாறு. ஃபாத்திமாவோ குறைஷிக் குலத்தவர். தடியைக் குறையென்று சொன்ன நாவு, நிறத்தையும் குலத்தையும் குறையென்று சொல்லவில்லை. நம் பின்கட்டுகள் இந்த வேறுபாட்டை இன்னும் கற்கவேண்டியிருக்கிறது. கைக்கூலி எவ்வளவு என்று பந்தலில் அமர்ந்து பேரம் பேசும் ஆண்களோ, கற்கத் தொடங்கவே இல்லை.

அன்று இஷா தொழுகைக்குப் பின், அந்தப் பெரியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடைக்கு வந்தார். பெரியவரைப் பார்த்து, “தம்பி, நீங்க கடையநல்லூர்லே இருந்தவங்கதானே? அந்த மாப்பிள்ளைப் பையன் குணம் எப்படி? எனக்காக வேண்டாம், அந்தப் புள்ளைக்காகச் சொல்லுங்க” என்று கேட்டார். பெரியவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துப்போட்டு, தமக்குத் தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினார்.