வெஸ்ட்வேர்ல்ட் எங்கே சறுக்கியது?

(முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்கு சீசன்களின் கதையும் கீழே உடைபடும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

சுஜாதாவின் ஜீனோ, புத்தகம் படித்துப் படித்தே சுயபுத்தி பெற்ற ரோபோ நாய். 'என் இனிய இயந்திரா' படித்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு இயந்திரத்துக்கு 'நான்' என்ற எண்ணம் எப்போது வரும் என்ற கேள்வி புதுசு இல்லை. 2016 அக்டோபரில் எச்பிஓவில் ஆரம்பித்த வெஸ்ட்வேர்ல்டை நான் பார்க்க உட்கார்ந்ததும் அதே கேள்விக்காகத்தான். தாம்பரத்திலிருந்து சிறுசேரி போகும் கம்பெனி பஸ்ஸில் தினம் ஒரு எபிசோட். மேடவாக்கம் டிராஃபிக்குக்கு நன்றி சொன்ன ஒரே காலம் அது.

மைக்கேல் கிரைட்டன் 1973-ல் எடுத்த படத்திலிருந்து ஜோனதன் நோலனும் லிசா ஜாயும் உருவாக்கிய தொடர். நாலு சீசன், 36 எபிசோட். 2022 நவம்பரில் நிறுத்தினார்கள். டிசம்பரில் எச்பிஓ மேக்ஸிலிருந்தே தூக்கிவிட்டார்கள். போன மாதம் முழுசையும் மறுபடி பார்த்தேன். பொதுவாகச் சொல்லப்படும் குறை, 'போகப் போகக் குழப்பம்' என்பது. எனக்கு அது சரியாகப் படவில்லை. முதல் சீசனும் குழப்பம்தான். ஆனால் அந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் இருந்தது.

அந்தப் பூங்காவில் இருக்கும் ரோபோக்களின் (தொடரில் 'ஹோஸ்ட்') நினைவை ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அழித்துவிடுவார்கள். ஃபோர்ட் என்ற கிழவர் ஒரு சின்ன அப்டேட் போடுகிறார். அழித்த நினைவுகள் மிச்சம் மீதியாக மேலே வர ஆரம்பிக்கின்றன. ஹோஸ்டின் நினைவு நம்முடையது போல மங்காது. அதனால் டோலரஸுக்கு நினைத்துப் பார்ப்பதும் இப்போது நடப்பதும் ஒன்றாகத் தெரிகிறது. நாம் இரண்டு ஆள் என்று நினைத்த வில்லியமும் கறுப்பு உடைக்காரனும் முப்பது வருஷ இடைவெளியில் ஒரே ஆள் என்று கடைசியில் தெரிகிறது. இது டைரக்டர் செய்த ஏமாற்று வேலை இல்லை. டைம்ஸ்டாம்ப் இல்லாத லாக் ஃபைலை அவள் கண் வழியாக நாமும் படித்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இது என்னை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டது என்றும் சொல்லிவிடுகிறேன். அப்பா தாம்பரம் கார் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தச் சமயத்தில்தான் அவருக்கு டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு, "டிபன் கட்டியாச்சா, நைட் ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு" என்று சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பார். என்னைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவருக்கு அது பழைய நினைவே இல்லை, இன்றைக்கு நடப்பது. டோலரஸ் "இது எப்போது?" என்று திகைக்கிற இடத்தை என்னால் வெறும் ட்விஸ்டாகப் பார்க்க முடியவில்லை.

அதே சீசனின் முடிவில் மேவ் தப்பித்துப் போக ரயிலில் ஏறி உட்காருகிறாள். அவள் தப்பிப்பதே யாரோ எழுதிவைத்த ப்ரோகிராம். ஆனால் எந்தக் காலத்திலோ தனக்கு மகளாக இருந்த ஒரு குழந்தையின் நினைவுக்காக ரயிலை விட்டு இறங்குகிறாள். நினைவை இழக்க முடியும் என்பதால்தான் அதைப் பிடித்துக்கொள்வதற்கு அங்கே ஒரு விலை இருக்கிறது.

என் வாதம் இதுதான்: நினைவு இழக்கக்கூடிய பொருளாக இருந்தவரை தொடர் உயிரோடு இருந்தது. காப்பி எடுக்கக்கூடிய ஃபைலாக மாறியதும் விழுந்தது.

இரண்டாம் சீசனில் பெர்னார்ட் தன் நினைவுகளின் வரிசையைத் தானே கலைத்துவிடுகிறான், வேறு யாரும் படிக்கக் கூடாது என்று. லாஜிக் சரி. ஆனால் அந்தக் கலைப்பு அவனுக்கு வலிக்கவில்லை, நமக்குத்தான் தலை வலிக்கிறது. முதல் சீசனில் பாத்திரத்தின் நிலைமையாக இருந்தது இங்கே புதிராகிவிட்டது.

எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதே சீசனில் ஹோஸ்டுகளின் பேக்கப் மொத்தத்தையும் வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். இனிமேல் செத்தால் செத்ததுதான். உடனே அடுத்த எபிசோடில், 'கிக்சுயா'வில், அகெசெட்டா வருகிறான். செத்தால் மறுபடி திருத்தி எழுதிவிடுவார்கள், மனைவியின் நினைவு போய்விடும் என்று ஏறக்குறைய பத்து வருஷம் சாகாமலே பார்த்துக்கொள்கிறான். முதல் சீசனுக்குப் பிறகு வந்ததில் இதுவே சிறந்தது என்பேன்.

அப்புறம் 2020-ல் மூன்றாம் சீசன். டோலரஸ் தன்னையே நகல் எடுத்து நாலைந்து உடம்புகளில் போட்டுக்கொள்கிறாள். ஒன்று போனால் இன்னொன்று. கார் துரத்தலும் துப்பாக்கியும் நிறைய இருக்கின்றன, யாருக்கு என்ன ஆகுமோ என்ற பதைப்பு மட்டும் இல்லை. மென்பொருள்காரனாகச் சொன்னால், ரீஸ்டோர் செய்யத் தெரிந்தவன் டிலீட்டுக்குப் பயப்பட மாட்டான். பார்க்கிறவனும் அப்படித்தான்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நாலாம் சீசனில் கேலப்பின் 278-ஆவது நகல் தன் முந்தைய நகல்களின் பிணங்களைத் தாண்டி ஊர்ந்து போகிறது, மகளுக்கு ஒரு செய்தி அனுப்ப. அது நகல் கதைதான், ஆனாலும் வேலை செய்கிறது. காரணம், ஒவ்வொரு நகலுக்கும் கொஞ்ச நேரம்தான். எண் கூடினாலும் நேரம் கூடவில்லை.

எங்கள் வீட்டில் பேக்கப் கிடையாது. அப்பா 2021-ல் போய்விட்டார். அவர் தம்பியோடு என்ன பேசிக்கொண்டிருந்தார் என்று எனக்கு முழுசாகத் தெரியாது, கேட்டதில் பாதி புரிந்தது. புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: முதல் சீசன் பத்து எபிசோடையும் பாருங்கள். பிறகு 'கிக்சுயா' மட்டும். அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.