பதினேழு வயதும் ஒரு நாட்டுப்பாட்டும்

அற்பாயுளில் மறைந்த கலைஞர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைவிட எப்படிப் போனார்கள் என்பதைத்தான் நம்மில் பலர் முதலில் சொல்கிறோம். அமெரிக்க ராக் அண்ட் ரோல் இசையின் முதல் தலைமுறைக்கும் இதே கதிதான். 1959 பிப்ரவரி 3 அன்று அதிகாலை, அயோவா மாநிலத்தில் ஒரு சிறு விமானம் விழுந்து நொறுங்கியது. படி ஹாலி (22), 'பிக் பாப்பர்' என்கிற ஜே.பி. ரிச்சர்ட்சன் (28), ரிட்சி வேலன்ஸ் (17) ஆகிய மூவரும் விமானியோடு மாண்டார்கள். டான் மெக்லீனின் 'அமெரிக்கன் பை' 1971-இல் வெளிவந்த பிறகு அந்த நாளே ஒரு புராணமாகிவிட்டது.

மூவரில் இளையவர் வேலன்ஸ். லூயிஸ் வால்டேஸ் 1987-இல் இயக்கிய 'லா பாம்பா' படம்தான் என்னைப் போன்ற பலருக்கு அவரை அறிமுகப்படுத்தியது. நல்ல படம். லாஸ் லோபோஸ் குழுவினரின் இசையும் பிரமாதம். ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. பள்ளிக்கூடத்துக்கு மேலே விமானங்கள் மோதிக்கொள்ளும் கனவோடுதான் படம் தொடங்குகிறது. வேலன்ஸ் படித்த பள்ளியில் 1957-இல் அப்படியொரு விபத்து நடந்தது உண்மையே; தாத்தாவின் இறுதிச் சடங்குக்குப் போயிருந்ததால் அவர் அன்று அங்கே இல்லை. ஆனால் அந்தக் கனவு திரும்பத் திரும்ப வரும்போது, பையன் கிதாரைத் தொட்டாலும் 'ஐயோ, சாகப் போறானே' என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. எல்லாமே விதின்னு ஆயிடுது.

விதி என்று சொல்லிவிட்டால் யாரையும் கேள்வி கேட்க வேண்டாம், பாருங்கள்! நடந்தது வேறு. கடும் பனிக்காலத்தில் ஊர் ஊராகச் சுற்றிய இசைப் பயணம் அது. பஸ்ஸில் ஹீட்டர் பழுது. டிரம்ஸ் வாசித்த கார்ல் பன்ச், பாதங்கள் குளிரில் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அந்த பஸ்ஸுக்குப் பயந்துதான் விமானம் ஏறினார்கள். காசு சுண்டிப் பார்த்து வேலன்ஸுக்கு இடம் கிடைத்ததை எல்லோரும் சொல்வார்கள். 21 வயது விமானிக்குக் கருவிகளை மட்டுமே நம்பி ஓட்டும் தகுதிச் சான்று இல்லை, வானிலை விவரமும் அவருக்குச் சரியாகத் தரப்படவில்லை என்று அரசு விசாரணை கண்டதைச் சொல்பவர் குறைவு.

விதிக்கதை மறைக்கும் இன்னொன்று, அவர் செய்த வேலை. கலிபோர்னியாவின் பக்கோய்மாவில் வளர்ந்த மெக்சிகோ வம்சாவளிப் பையன். வாலென்சுவேலா என்ற குடும்பப் பெயரை 'வேலன்ஸ்' என்று சுருக்கியவர் இசைத்தட்டு நிறுவனத்தின் பாப் கீன். வேலன்ஸுக்கு ஸ்பானிய மொழி சரளமாக வராது. அப்படிப்பட்டவர்தான் 1958-இல், மெக்சிகோவின் வேராகுரூஸ் பகுதி நாட்டுப்பாடல் ஒன்றை எடுத்து, மின்கிதாரும் டிரம்ஸும் சேர்த்து, மொழியை மட்டும் மாற்றாமல் பாடினார். இசைத்தட்டின் முதல் பக்கத்தில் 'டோனா' என்ற ஆங்கிலக் காதல் பாட்டு. 'லா பாம்பா' மறுபக்கம்தான். இன்று உலகம் பாடுவதோ அந்த மறுபக்கத்தை!

'பிள்ளைக்குத் தமிழ் சரியா வரலையே' என்ற கவலை இல்லாத வீடு நம்மிடையே குறைவு. மொழி முழுதாகக் கைக்கு வரும்வரை வேலன்ஸ் காத்திருக்கவில்லை. தெரிந்த அளவோடு, முன்னோர் பாட்டைத் தன் காலத்து வாத்தியத்தில் வாசித்தார். அடுத்த பிப்ரவரி 3 அன்று விமானக் கதையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேளுங்கள். இரண்டே நிமிடம்தான்.