மென்மையாக்கப்பட்ட துகள்களும் மிகையான வெப்பமும்

கீழிருந்து செலுத்தப்படும் வளிமத்தால் மணல் போன்ற துகள்கள் கொதிநீர்போலக் குமுறும் கலன் பாய்மப் படுகை எனப்படும். பெட்ரோலியச் சுத்திகரிப்பிலும் நிலக்கரி எரிப்பிலும் இது பயன்படுகிறது. இதைக் கணினியில் ஆராயும் வழிகளுள் ஒன்று, ஒவ்வொரு துகளையும் பின்தொடரும் தனித்துகள் முறை. பீட்டர் கண்டல், ஓட்டோ இசுட்ராக் ஆகியோர் 1979இல் இம்முறையை வெளியிட்டனர். யுதாக்கா சுஜி குழுவினர் 1993இல் இதனைப் பாய்மப் படுகையின் வளிம ஓட்டத்துடன் இணைத்தனர்.

துகள் துகளாகக் கணக்கிடுவதால் விடையும் இயற்கைக்கு நெருக்கமாக இருக்கும் என்று நம்பத் தோன்றும். வெப்பத்தைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை ஆய்வுக்குரியது.

கண்ணாடியின் யங் குணகம் ஏறத்தாழ 70 கிகாபாஸ்கல். இவ்வளவு விறைப்பான மணிகளின் மோதலைப் பின்தொடர மிகச் சிறிய காலப்படி தேவை. எனவே குணகத்தை 70 மெகாபாஸ்கலாக, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்வதுண்டு. ரேலி அலையின் வேகத்தால் காலப்படியை வரையறுத்தால் அது ஏறத்தாழ 30 மடங்கு நீளும். ஒரு மாதக் கணக்கு ஒரு நாளில் முடியும். குமிழ்களின் அளவும் படுகையின் உயரமும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே ஓட்டத்துக்கு இச்சலுகை நியாயமானதே.

வெப்பத்துக்கு அப்படியன்று. ஹெர்ட்சின் தொடுகைக் கோட்பாட்டின்படி, ஒரே விசையால் அழுத்தப்படும் இரு கோளங்களின் தொடு ஆரம், குணகத்தின் கனமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். குணகம் ஆயிரத்தில் ஒரு பங்கானால் ஆரம் 10 மடங்காகும். தொடு இடத்தின் வழியே கடத்தப்படும் வெப்பம் அந்த ஆரத்துக்கு நேர்விகிதம் என்பதால், அதுவும் 10 மடங்காகிறது. மோதல் நீடிக்கும் நேரமும் கூடவே நீள்கிறது.

இப்பிழை பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. பாய்மப் படுகையில் வெப்பத்தின் பெரும்பங்கு வளிமத்துக்கும் துகளுக்கும் இடையே பரிமாறப்படுகிறது; துகள்களும் விரைந்து கலக்கின்றன. படுகையின் சராசரி வெப்பநிலையை உள்வரும், வெளியேறும் ஆற்றலே தீர்மானிக்கிறது. அந்தச் சராசரி சோதனையோடு பொருந்துகிறது என்று காட்டுவது கடத்தல் கணக்குக்குச் சான்றாகாது. துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் சுழல் உலையிலோ, வளிமமே இல்லாத வெற்றிடக் கலனிலோதான் குட்டு வெளிப்படும்.

திருத்தமும் கடினமானதன்று. மோதலை மென்மையான துகளாகவே கணக்கிட்டு, வெப்பத்துக்கு மட்டும் உண்மைக் குணகத்தைக் கொண்டு தொடு ஆரத்தையும் நேரத்தையும் சுருக்கலாம். இதைச் செய்ததாகவோ, எந்தக் குணகத்தைப் பயன்படுத்தியதாகவோ குறிப்பிடாத ஆய்வில், துகளிடைக் கடத்தலுக்குத் தரப்படும் விழுக்காட்டை மாணவர் அப்படியே எடுத்தாளக் கூடாது.