முகம் கண்டு ஈந்த கொடை

பெருஞ்சித்திரனாரைப் பற்றி எழுதப் புகுவோர் பலரும் ‘புலவர் பெருமிதம்’ என்ற ஒரு சொல்லோடு அமைந்துவிடுகின்றனர். பெருமிதம் அவருக்குப் பிறவிக்குணம் போலும்! புறநானூற்றில் அவருடைய பாடல்களை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் நமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

அதியமான் நெடுமான் அஞ்சி அவரைக் காணாமலே பரிசில் அனுப்பினான் (208). அஞ்சி உலோபி அல்லன். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன். ஆயினும் முகம் காணாது தந்த பொருளைப் புலவர் ஏற்கவில்லை. தம் தகுதி அறிந்து தருவதாயின் தினையளவே இனிது என்கிறார். மேலதிகாரியைக் கோப்பின் ஓரக் குறிப்பாலேயே அறிந்த நம் போன்ற எழுத்தர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இளவெளிமான் சிறிது கொடுத்தபோது கொள்ளாது சென்று, குமணனிடம் பெற்ற யானையைக் கொணர்ந்து அவன் காவல்மரத்தில் கட்டினார் (162). பலரும் போற்றும் இச்செயலை நாம் அத்துணை உயர்வாகக் கருதவில்லை. இகழ்ந்தவன் கண்முன் தம்மை நிறுவிக் காட்டும் தேவை அங்கே இருக்கிறது. ஆதலின் அச்செயலை ஆட்டுவிப்பவன் இன்னமும் இளவெளிமானே.

குமணனிடம் அவர் வேறு மனிதர். சாவு வரவில்லையே என நோகும் முதிய தாய், குப்பைக் கீரையை உப்பின்றி வேகவைத்து உண்ணும் மனைவி என்று வறுமை அனைத்தையும் கூறிவிட்டு, உவந்து தாராத பரிசில் களிறேயாயினும் வேண்டேன், உவந்து தரின் குன்றிமணியளவும் கொள்வேன் என்கிறார் (159). இரந்து நிற்பவர் நிபந்தனை விதிக்கிறார்! அதனைக் கேட்டுக்கொள்ளும் உள்ளம் குமணனிடம் இருந்தது என்றே கொள்ளல் வேண்டும்.

அதன் பயன் எங்கே சென்று விளைகிறது? அவருடைய இல்லத்தில். பெற்ற செல்வத்தை மனைவியிடம் தந்து, உன்னை விரும்புவோர்க்கும், நீ விரும்புவோர்க்கும், பசிநாளில் கடன் தந்து உதவியோர்க்கும் கொடு. இன்னார் என்று பாராதே. என்னையும் கேளாதே என்கிறார் (163). ‘என்னையும் கேளாதே’ என்னும் கருத்தில் நம் நெஞ்சம் நின்றுவிடுகிறது. சம்பளக் கவரை முதல் தேதியில் இல்லாளிடம் நீட்டிவிட்டு, பத்தாம் தேதி மளிகைக் கணக்கைத் துருவுகிறவர்கள் நாம். மதிக்கப்பெற்றவர் தாம் பெற்ற மதிப்பை அப்படியே மனைவிக்கு வழங்குகிறார். தினையளவு, குன்றியளவு என்று அளந்து பேசியவர் இங்கே அளவே கூறவில்லை.

குமணன் பெயர் அப்பாட்டின் இறுதியடியில்தான் வருகிறது. அதற்குள் கொடுக்கும் உரிமை மனைவியின் கைக்கு வந்துவிட்டது.