மதிப்பெண் இல்லாத புகை

சமையலறையில் விறகடுப்பு எரிவது, ஒரு மணி நேரத்தில் 400 சிகரெட்டுகளைக் கொளுத்துவதற்குச் சமம். சமையல் புகையைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த கிர்க் ஸ்மித் சொல்லிவந்த ஒப்பீடு இது. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கப்பட்டபின், அரசின் விளக்கக் குறிப்புகளிலும் இது இடம்பிடித்தது. மேடைகளில் இன்னும் கொஞ்சம் மாறி, நம் தாய்மார்கள் 400 சிகரெட்டின் புகையை உள்ளிழுக்கிறார்கள் என்று ஆனது. அடுப்பிலிருந்து வெளிவரும் புகையும் ஒருத்தியின் உள்ளே போகும் புகையும் ஒரே அளவல்ல என்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். சிகரெட்டைத் தொட்டிராத பெண்களின் நுரையீரலைப் பற்றி ஓர் அரசு இவ்வளவு உரக்கப் பேசியது நல்லதுதான். அந்தப் பேச்சை அதே அரசின் மற்ற ஆவணங்களோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது.

முப்பது வயதைக் கடந்தவர்களுக்குத் தொற்றா நோய்கள் வரும் வாய்ப்பைக் கணிக்க, ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று நிரப்பும் படிவம் ஒன்று இருக்கிறது. ஒன்றிய நலவாழ்வு அமைச்சகம் வகுத்தது. அதன் முதல் பகுதியில் வயது, புகையிலை, மது, இடுப்பளவு, உடற்பயிற்சி, குடும்பத்தில் உள்ள நோய் ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு. தினமும் புகையிலை பயன்படுத்துபவருக்கு 2. கூட்டுத்தொகை 4ஐத் தாண்டினால் அவரைப் பரிசோதனைக்கு முன்னுரிமை தந்து அனுப்ப வேண்டும். சமையல் எரிபொருள் பற்றிய கேள்வி மூன்றாவது பகுதியில் வருகிறது. விறகா, பயிர்க்கழிவா, வறட்டியா, நிலக்கரியா, மண்ணெண்ணெயா, கேஸா என்று கேட்கிறார்கள். செங்கல் சூளை வேலை, குப்பை எரிப்பது ஆகியவையும் அங்கே உண்டு. பொருந்துவதை வட்டமிட வேண்டும். மதிப்பெண் கிடையாது.

படிவத்தை எழுதியவர்கள் விறகுப் புகையை மறந்துவிடவில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கான காரணிகள் என்றே அந்தப் பகுதிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் யாரை முதலில் அனுப்புவது என்று தீர்மானிக்கும் கூட்டலில் அதைச் சேர்க்கவில்லை. அரசின் மேடையில் 400 சிகரெட் புகையை இழுத்தவளுக்கு, அரசின் படிவத்தில் புகைக்கான கட்டத்தில் 0. மூச்சுத் திணறலோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ இருந்தால் மருத்துவரிடம் அனுப்பச் சொல்கிறது படிவம். அப்படியானால் அவள் முதலில் நோயாளியாக வேண்டும். அந்த இருமலை நோய் என்று நினைத்து வாய்திறந்து சொல்லவும் வேண்டும். அடுப்படியில் நிற்கிறவளுக்கு இருமல் வரத்தான் செய்யும் என்று கேட்டே வளர்ந்தவள் எப்படிச் சொல்வாள்? சொன்னாலும் இளைப்பு, வீசிங் என்று மாத்திரை கொடுத்து அனுப்புவதே வழக்கம். நுரையீரல் அடைப்பை உறுதிசெய்ய ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டர், ஆரம்ப சுகாதார நிலையங்களில் காண்பதற்கு அரிது.

இனி உஜ்வலாவின் கணக்கு. ஏழைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரில் மட்டுமே இணைப்பு என்பது இத்திட்டத்தின் பெருமை. 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் தரப்பட்டன. அதே ஆண்டு வெளிவந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை வேறொரு எண்ணைக் கேட்டது: எத்தனை முறை சிலிண்டர் மாற்றினார்கள்? 2018 டிசம்பர் நிலவரப்படி 3.18 கோடிப் பயனாளிகளின் சராசரி, ஆண்டுக்கு 3.21 சிலிண்டர். மீதி நாட்களில் அடுப்பில் எரிந்தது என்ன என்பது சமைத்தவளுக்குத் தெரியும். தேசியக் குடும்ப நல ஆய்வும் வீட்டில் முக்கியமாக எதில் சமைக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறது. தேநீருக்குக் கேஸ், சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகு என்று இரண்டு அடுப்பு எரியும் வீடு அந்தக் கேள்வியில் அகப்படுவதில்லை.

ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், விறகடுப்புச் சமையலின் ருசி, பழக்கம், விழிப்புணர்வு இல்லாமை என்று பெண்களைக் காட்டும் விளக்கங்கள் தயாராக இருக்கின்றன. திட்டத்தின் முதல் கட்டத்தில் அடுப்பையும் முதல் சிலிண்டரையும் கடனாக வாங்கியவர்களிடம் அந்தக் கடன், வரவேண்டிய மானியத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. 2022 மே மாதம் 200 ரூபாயாக அறிவிக்கப்பட்டு, 2023 அக்டோபரில் 300 ஆன மானியமும், முழு விலையைக் கொடுத்து வாங்கிய பிறகே வங்கிக் கணக்குக்கு வருகிறது. தினக்கூலி வீட்டில் முழு விலை ஒரே நாளில் கையில் இருக்க வேண்டும். சிலிண்டர் அவள் பெயரில் இருக்கலாம். அந்தப் பணம் பெரும்பாலும் அவள் கையில் இல்லை. விறகுக்கோ பணமே வேண்டாம். சுள்ளி பொறுக்க, வெட்ட, சுமந்துவர அவள் செலவிடும் நேரத்துக்குக் குடும்பமும் கூலி போடுவதில்லை, அரசும் போடுவதில்லை. அதனால்தான் விறகு ‘இலவசம்’ ஆகிறது.

பழக்கம்தான் காரணம் என்ற வாதத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்தே பதில் இருக்கிறது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் ஹாபின் என்ற ஆய்வு நடந்தது. இந்தியாவில் அதன் களங்கள் விழுப்புரமும் நாகப்பட்டினமும். பங்கேற்றவர்களில் ஒரு பாதிக்கு கேஸ் அடுப்பும், 18 மாதங்களுக்கு வேண்டிய எரிவாயுவும் விலையின்றி வீட்டுக்கே வந்தன. அந்தப் பெண்கள் ஏறக்குறைய முழுமையாக விறகைக் கைவிட்டார்கள். கர்ப்ப காலத்தில் அவர்கள் சுவாசித்த நுண்துகள், விறகில் சமைத்தவர்களுக்கு ஒரு கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் அளவில் இருந்தபோது, இவர்களுக்கு 24 அளவில் இருந்தது.

அதே ஆய்வு, உஜ்வலாவின் ‘தூய எரிபொருள், சிறந்த வாழ்வு’ என்ற முழக்கத்துக்கு ஒரு சங்கடத்தையும் தந்தது. குழந்தையின் பிறப்பு எடையிலோ, கடும் நிமோனியாவிலோ, வளர்ச்சிக் குறைவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கேஸ் கொடுத்துப் பயனில்லை என்று இதைப் படிக்கலாமா? ஆய்வின் நான்கு முதன்மை அளவீடுகளைப் பாருங்கள். மூன்று, குழந்தையின் உடலைப் பற்றியவை. நான்காவது, வீட்டிலுள்ள மூத்த பெண்ணின் இரத்த அழுத்தம். புகையை இழுத்த தாயின் நுரையீரல் அந்த நான்கில் இல்லை. ஆய்வாளர்கள் கவனமானவர்கள், நோக்கம் நல்லது. ஆனாலும் ஒரு பெண்ணின் மூச்சு அவளுக்கே உரியது என்பதால் முக்கியம் என்று சொல்ல அறிவியலும் தயங்குகிறது. எரியாத கண்ணும் இருமாத இரவும் அவளுக்குக் கிடைத்தால், அதுவே போதுமான பலன்தானே?

இன்னொன்றும் இருக்கிறது. 24 என்பதே உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பான 5ஐப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அடுப்பு மாறினாலும் பக்கத்து வீட்டுப் புகையும் குப்பை எரியும் புகையும் சாலைப் புழுதியும் வீட்டுக்குள் வருகின்றன. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் சுற்றுச்சூழல் அமைச்சகத்துடையது. நகரங்களுக்கானது, அது முதன்மையாக அளப்பது பிஎம் 10 என்னும் பெரிய துகளை. நுரையீரலின் ஆழம்வரை போகும் பிஎம் 2.5 துகளுக்கு விறகும் வறட்டியும் முக்கியமான காரணங்கள். அவை எரியும் கிராமங்கள் திட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. சிலிண்டர் பெட்ரோலிய அமைச்சகத்துக்கு, காற்று சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு, இருமல் நலவாழ்வு அமைச்சகத்துக்கு என்று ஒருத்தியின் ஒரே மூச்சு மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சமையலறைப் புகையையும் வெளிக்காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், மக்கள் உள்ளிழுக்கும் அளவை வைத்து முன்னுரிமை தர வேண்டும் என்று நலவாழ்வு அமைச்சகம் அமைத்த குழுவே 2015இல் சொல்லிவிட்டது. இந்த மூன்று துறைகளையும் தன் நடையால் இணைக்கக்கூடிய ஒருத்தி இருக்கிறாள் என்றால் அது ஆஷாதான். அவளுக்கு அரசு ஊழியருக்கான ஊதியம் இல்லை, ஊக்கத்தொகைதான்.

மாற்ற வேண்டியவை கைக்கெட்டாதவை அல்ல. படிவத்தின் மூன்றாவது பகுதிக்கு மதிப்பெண் வேண்டும். எத்தனை ஆண்டுகள் விறகில் சமைத்தாள் என்ற கேள்வியும் வேண்டும். ‘விறகு’ என்று வட்டமிடப்பட்ட வீட்டின் விவரம், அவள் சம்மதத்தோடு, கேஸ் ஏஜென்சிக்குப் போக வேண்டும். மானியத்தைக் கழித்த விலையையே சிலிண்டர் வரும்போது அவளிடம் வாங்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊதிப் பார்க்கும் கருவியும் அதை இயக்கத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். திட்டத்தின் வெற்றியை இணைப்புகளின் எண்ணிக்கையால் அளப்பதை விட்டு, ஓராண்டில் எத்தனை நாள் அவள் விறகு மூட்டவில்லை என்பதால் அளக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கான பதில் எந்த அமைச்சகத்திடமும் இல்லை. அவளிடம் இருக்கிறது, அவளைக் கேட்க வேண்டும்.